வியட்நாமில் பயிற்சி மையம்: பலகை மாட்டும் முன்னே கரையும் பணம்

இந்தியக் கணினிப் பயிற்சி நிறுவனமான ஆப்டெக் 1999-லேயே உள்ளூர்க் கூட்டாளியோடு வியட்நாமில் கணினி வகுப்பு தொடங்கிவிட்டது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும், ஹோ சி மின் நகருக்கும் ஹனோய்க்கும் புதிதாகப் போகும் வெளிநாட்டுப் பயிற்சி நிறுவனங்கள் அதே பள்ளங்களில்தான் விழுகின்றன. வழக்கறிஞர் வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதைத் தாண்டி உள்ள தவறுகள் இங்கே.

அனுமதிக்கு முன் கட்டடம் பிடிப்பது

இதுதான் பெருந்தவறு. எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவதும் இதுதான்.

நடப்பது இப்படி. இயக்குநர் நான்கு நாள் பயணமாக வருகிறார். முகவர் காட்டும் மூன்றாவது கட்டடம் பிடித்துவிடுகிறது. "நாளைக்கு வேறொருவர் கையெழுத்துப் போடுகிறார்" என்று முகவர் சொல்ல, அன்றே ஐந்தாண்டு ஒப்பந்தம், மூன்று மாத முன்பணம். மறுநாளிலிருந்து வாடகை ஓடத் தொடங்குகிறது. மையம் அப்போது வெறும் யோசனை.

வகுப்பு நடத்த மூன்று தாள்கள் தேவை: முதலீட்டுப் பதிவுச் சான்றிதழ், நிறுவனப் பதிவுச் சான்றிதழ், கல்வித்துறை தரும் இயக்க அனுமதி. முதல் இரண்டின் வரிசை சட்டத் திருத்தங்களோடு மாறலாம். கல்வி அனுமதி கடைசி என்பது மட்டும் மாறாது. அது வரும்வரை மாணவர் சேர்க்கையும் கூடாது, கட்டணமும் வாங்கக் கூடாது. கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: 500 சதுர மீட்டர், மீட்டருக்கு மாதம் 20 டாலர் என்றால் மாத வாடகை 10,000 டாலர். அனுமதிக்கு எட்டு மாதம் ஆனால், ஒரு மாணவர்கூட உள்ளே வராமல் 80,000 டாலர் போய்விடும்.

அதைவிட மோசம், அந்தக் கட்டடத்துக்கு அனுமதியே கிடைக்காமல் போவது. இந்த நகரங்களின் பெரும்பாலான தெருக் கட்டடங்கள் 'குழாய் வீடு' வகை: நான்கைந்து மீட்டர் அகலம், நான்கைந்து மாடி, ஒரே படிக்கட்டு. காகிதத்தில் குடியிருப்பு அல்லது கடை. 2022 செப்டம்பரில் ஹோ சி மின் நகருக்கு அருகே துவான் ஆனில் கரோக்கே விடுதித் தீயில் 32 பேரும், 2023 செப்டம்பரில் ஹனோய் அடுக்ககத் தீயில் 56 பேரும் இறந்த பிறகு, தீயணைப்புச் சோதனை மிகவும் இறுகிவிட்டது. இரண்டாவது வெளியேறும் வழியைக் குழாய் வீட்டில் எங்கே திறப்பீர்கள்? இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று உரிமையாளர் சொல்வார். பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான்; அவருக்கு வாடகை வந்துகொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது இது. முதலில் கொள்கை ஒப்பந்தம், அதாவது பின்னால் வாடகைக்கு எடுக்கச் சம்மதம் என்ற தொடக்க ஒப்பந்தம், மட்டும் போடுங்கள். விண்ணப்பத்துக்கு இடத்தைக் காட்ட அது போதுமா என்று கல்வித்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். நில உரிமைச் சான்றிதழ், கட்டட அனுமதி, தீயணைப்பு ஏற்புச் சான்று மூன்றின் நகலையும் கையெழுத்துக்கு முன்பே வாங்குங்கள். சான்றில் எழுதியிருக்கும் கட்டடப் பயன்பாடு, வகுப்பு நடத்துவதோடு ஒத்துப்போகிறதா என்று தீயணைப்பு ஆலோசகரை வைத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம்: வாடகை இயக்க அனுமதி வந்த நாளிலிருந்தோ, முன்கூட்டிப் பேசிய கெடு நாளிலிருந்தோ தொடங்கும், கட்டடக் குறையால் அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் திரும்பும். இதற்கு ஒத்துக்கொள்ளாத உரிமையாளருக்குத் தன் கட்டடத்தின் குறை தெரியும் என்றே கொள்ளலாம்.

முதலீட்டாளருக்குக் காட்டிய எண்ணிக்கையை அரசுக்கும் காட்டுவது

குறுகியகாலப் பயிற்சி மையத்துக்கு வியட்நாம் அரசின் 86/2018 ஆணைப்படி மாணவர் ஒருவருக்குக் குறைந்தது 2 கோடி டாங் (வியட்நாம் நாணயம்) முதலீடு வேண்டும். நிலச் செலவு இதில் சேராது. கட்டடம் வாடகை என்றால் அதில் 70 விழுக்காடு போதும். ஆணை 2024-இல் திருத்தப்பட்டிருப்பதால் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள வடிவத்தைப் பாருங்கள். கணக்கிடுவது திட்டத்தின் உச்ச மாணவர் எண்ணிக்கையை வைத்து. ஐந்தாம் ஆண்டில் 1,000 மாணவர் என்று ஆசையாக எழுதினால், 2,000 கோடி டாங் கணக்கு உங்கள் தலையில். 300 என்று அடக்கமாக எழுதினால் 600 கோடி. வாடகைக் கட்டடத்தில் 420 கோடி.

இடத்தின் கணக்கு வேறு: ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் மாணவர் ஒருவருக்கு 2.5 சதுர மீட்டர், ஆசிரியருக்கு 25 மாணவர் வரை. மொழி வகுப்புகள் மாலை ஐந்தரைக்கு மேலும் வார இறுதியிலும்தான் நிரம்பும். பகலில் அறைகள் காலி. மொத்தச் சேர்க்கையைப் பார்த்து இடம் பிடிப்பவர் காற்றுக்கு வாடகை கட்டுகிறார்.

மூலதனத்தைச் சாதாரணக் கணக்கில் போடுவது

நிறுவனப் பதிவுக்குப் பின் 90 நாளுக்குள் மூலதனம் வர வேண்டும், அதுவும் வெளிநாட்டு முதலீட்டுக்கென்றே வங்கியில் திறக்கும் நேரடி முதலீட்டு மூலதனக் கணக்கு வழியாக. மேலாளரின் சொந்தக் கணக்கு வழியே அனுப்பிய பணத்தை மூலதனம் என்று நிறுவுவது பெரும்பாடு. பின்னாளில் லாபத்தை வெளியே எடுக்கும்போது வங்கி முதலில் கேட்பது இதைத்தான். லாபமும் ஆண்டுக்கு ஒரு முறை, தணிக்கையும் வரிக்கணக்கும் முடிந்த பிறகுதான் போகும். திரண்ட நஷ்டம் இருந்தால் அதுவும் இல்லை.

வாட் (மதிப்புக் கூட்டு வரி) திரும்பும் என்று நம்புவது

திரும்பாது. கற்பித்தலுக்கு வாட் இல்லை என்பதால், வாடகைக்கும் உள் அலங்காரத்துக்கும் கட்டிய வாட் உங்கள் செலவு.

ஆசிரியரைச் சுற்றுலா விசாவில் கூட்டி வருவது

வேண்டாம். பட்டச் சான்று, குற்றப் பின்னணிச் சான்று இரண்டையும் சொந்த நாட்டிலேயே சான்றளித்து அனுப்பச் சொல்லுங்கள். குற்றப் பின்னணிச் சான்று ஆறு மாதத்துக்கு மேல் பழசாகக் கூடாது. ஆங்கிலம் கற்பிக்க இந்தியர் வந்தால் தாய்மொழிப் பேச்சாளர் என்ற கணக்கில் வரமாட்டார். பட்டத்தோடு கற்பித்தல் சான்றும் மொழித்திறன் சான்றும் கேட்பார்கள்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன்

2025 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குக் கூடுதல் பாட வகுப்பு கூடாது. கலை, விளையாட்டு, வாழ்க்கைத்திறன் பயிற்சிகளுக்கு மட்டும் விலக்கு.

இரண்டாண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்பது

பெரிய ஆங்கில மையங்கள் மூடியபோது பணத்துக்கு அலைந்த பெற்றோர் அங்கே நிறையப் பேர். மூன்று மாதத் தவணையோடு தொடங்குங்கள்.

திறப்பு விழாவை ஜனவரியில் வைப்பது

ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும் தெத் என்ற வியட்நாமியப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் யாரும் புது வகுப்பில் சேரமாட்டார்கள். கோடை விடுமுறையான ஜூனுக்கு முன்பே இடங்களை நிரப்பத் தொடங்குங்கள். பள்ளி ஆண்டு செப்டம்பர் 5-இல் பிறக்கும்.