இன்டரப்டுக்குள் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடாதீர்கள்

ஓசூரில் மோட்டார் கன்ட்ரோலர் செய்யும் சிறு பட்டறைகளுக்கு 8051 என்ற சிறிய 8 பிட் கட்டுப்பாட்டுச் சிப்பில் சி மொழியில் நிரல் எழுதித் தருகிறேன். புதிதாக வரும் தம்பிகள் நான் செய்த அதே தவறுகளையே செய்கிறார்கள். செமிகோலன், பின் எண் மாறிப்போவது எல்லாம் ஒரே நாளில் பிடிபட்டுவிடும், விடுங்கள்.

கணினியில் ஓடும் சி என்று நினைப்பது

கணினியில் ஒரு ஃபங்ஷனை எத்தனை முறை கூப்பிட்டாலும் ஒவ்வொரு முறைக்கும் ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகப் பகுதியில் தனி இடம் கிடைக்கும். அடிப்படை 8051-இல் உள் ரேம் மொத்தமே 128 பைட். அதனால் சி நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கெய்ல் சி51, எஸ்டிசிசி போன்ற கம்பைலர்கள் ஃபங்ஷனின் மாறிகளுக்கு நிலையான முகவரி கொடுத்துவிடுகின்றன. முதன்மை நிரலான மெயின் அந்த ஃபங்ஷனுக்குள் பாதியில் இருக்கும்போது, ஓடும் வேலையை இடைநிறுத்திப் புகும் இன்டரப்டும் அதையே கூப்பிட்டால், பழைய எண் அழிந்து புது எண் உட்கார்ந்துவிடும்.

பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்து போர்வெல்லில் இதில்தான் மாட்டினேன். மின்னோட்டம் பத்து விநாடி தொடர்ந்து குறைந்தால் தண்ணீர் இல்லை என்று மோட்டாரை நிறுத்த வேண்டும். மின்னோட்டத்தின் சராசரியை மெயினிலும், வோல்டேஜின் சராசரியை டைமர் இன்டரப்டிலும் ஒரே ஃபங்ஷனால் கணக்கிட்டேன். மேசையில் வோல்டேஜ் இணைப்பே கொடுக்காமல் சோதித்ததால் எல்லாம் சரியாக இருந்தது. தோட்டத்தில் அவ்வப்போது வோல்டேஜின் எண் மின்னோட்டத்துக்குள் புகுந்தது, பத்து விநாடிக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. கோடையில் போரில் தண்ணீர் இறங்கியதும் மோட்டார் வறண்டே ஓடிக் காயில் எரிந்தது. மோட்டாரை மேலே தூக்கிக் காயில் கட்டி இறக்கும்வரை செடிகள் வாடின.

ஒவ்வொரு பில்டிலும் 'மல்டிபிள் கால் டு செக்மென்ட்', அதாவது ஒரே ஃபங்ஷனை இரண்டு பக்கமிருந்து கூப்பிடுகிறாய் என்று, நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் எச்சரித்துக்கொண்டேதான் இருந்தது. சிப்பில் ஏற்றும் ஹெக்ஸ் கோப்பு வந்துவிட்டதே என்று நான் படிக்கவில்லை. இப்போது ஒரு தம்பி அதே வரியைத் தாண்டிப் போவதைப் பார்த்தால் கோபம் வருகிறது.

இன்டரப்டில் அளவை எடுத்து வைத்து அளவு தயார் என்று காட்டும் ஒரு கொடி மாறியை மட்டும் ஏற்றுங்கள், கணக்கை மெயின் பார்த்துக்கொள்ளட்டும். வேறு வழியே இல்லையென்றால் ஃபங்ஷனை ரீஎன்ட்ரன்ட் என்று அறிவியுங்கள், ஒவ்வொரு அழைப்புக்கும் மாறிகளுக்குத் தனி இடம் கிடைக்கும். ஆனால் அது ரேமைத் தின்னும், வேகமும் குறையும். எல்லாவற்றுக்கும் போடாதீர்கள்.

வாலடைல் போட்டால் போதும் என்பது

இன்டரப்ட் மாற்றும் மாறியை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்வதுதான் வாலடைல். அது மட்டும் போதாது. 16 பிட் எண்ணை 8 பிட் சிப் இரண்டு தடவையாகத்தான் படிக்கும், நடுவில் இன்டரப்ட் புகுந்துவிடும். படிக்கும் அந்த நொடி மட்டும் இன்டரப்டை நிறுத்துங்கள்.

கம்பைலர் பதிப்பைக் குறிக்காதது

குறியுங்கள்.

விரிவாக்கச் சொற்களை எங்கும் தூவுவது

ஒரு பின்னுக்குப் பெயர் வைக்கக் கெய்லில் எழுதும் எஸ்பிட் என்பதை எஸ்டிசிசியில் முன்னால் இரண்டு அடிக்கோடு சேர்த்து எழுத வேண்டும். கம்பைலருக்குக் கம்பைலர் மாறும் இந்தச் சொற்களை ஒரே ஹெடர் கோப்பில் வையுங்கள், கம்பைலர் மாறும் நாளில் அதை மட்டும் திருத்தினால் போதும்.