ஐடி சான்றிதழ் பயிற்சி: பணம் கட்டும் முன் சறுக்கும் இடங்கள்

வேளச்சேரியில் ஒரு பயிற்சி மையத்துக்கு நண்பனுக்குத் துணையாகப் போயிருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பத்து வருடமாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கிறான். ஷிப்ட் வேலை அலுத்துவிட்டது, ஐடிக்கு மாறலாம் என்று முடிவு. "என்ன கோர்ஸ் பாக்குறீங்க சார்?" என்று கவுன்சலர் கேட்டார். "இப்ப எதுக்கு மேடம் டிமாண்ட்?" என்றான் இவன்.

அந்த ஒரு பதிலில் கதை முடிந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் டேட்டா சயின்ஸும் ஏஐயும் கலந்த ஒரு கோர்ஸ், 85,000 ரூபாய் என்று எழுதிய தாள், "இந்த பேட்ச்ல ரெண்டு சீட்தான் சார் இருக்கு" என்ற அவசரம், மூன்றும் மேசைக்கு வந்துவிட்டன.

பலரும் செய்கிற முதல் தவறு இதுதான். எந்த வேலைக்குப் போகப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் கடைக்குள் நுழைவது. வேறு துறையில் இருந்து வருகிறவருக்குக் கையில் இருக்கும் மூலதனம், பழைய அனுபவம்தான். குவாலிட்டியில் இருந்தவருக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் அவ்வளவு தூரமில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு எஸ்ஏபி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளில் நிதி சார்ந்த வேலைகள் பக்கத்தில் இருக்கின்றன. நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் அந்த வேலைக்கான விளம்பரங்கள் ஒரு இருபதை எடுத்து, எந்தச் சான்றிதழின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். அந்த நோட்டோடு உள்ளே போகிறவரிடம் கவுன்சலர் பேசும் தோரணையே வேறு.

அடுத்தது, சான்றிதழ் என்ற ஒரே சொல்லில் இரண்டு பொருள்கள் ஒளிந்திருப்பது. கோர்ஸ் முடித்ததற்காக மையம் கொடுக்கிற லேமினேட் செய்த தாள் வேறு. சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழ் வேறு, அதைக் கொடுப்பது சிஸ்கோ நிறுவனம் மட்டும்தான். அதற்கு பியர்சன் வியூ என்ற தேர்வு நடத்தும் நிறுவனம் வழியாகத் தனியாகத் தேர்வு எழுத வேண்டும், கட்டணம் 300 டாலர். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் நடத்தும் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வு 100 டாலர். மையம் சொன்ன தொகையில் இந்தத் தேர்வுக் கட்டணம் சேர்ந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் "அது தனி சார்" என்றுதான் பதில் வரும். 18 சதவீத ஜிஎஸ்டியும் அப்படியே, கேட்டால்தான் வெளியே வரும்.

தேர்வின் குறியீட்டு எண்ணையும் கேளுங்கள். சிசிஎன்ஏவுக்கு 200-301. கணினிப் பராமரிப்பு வேலைக்கான காம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழில் 220-1101, 1102 என்ற பழைய தேர்வுகள் 2025 செப்டம்பரோடு போய்விட்டன. இப்போது 1201, 1202. பழைய நோட்ஸை வைத்தே பாடம் நடத்துகிற இடம் எது என்று இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

தகுதியைச் சொல்லாமல் சேர்த்துக்கொள்வதும் உண்டு. பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழுக்கு, பட்டதாரி என்றாலும், திட்டங்களை வழிநடத்திய மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும். சிஐஎஸ்எஸ்பி என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழுக்கு அந்தத் துறையில் ஐந்து வருட அனுபவம். தேர்வில் பாஸ் ஆனாலும் அனுபவம் சேரும் வரை அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. ஐடியில் இன்னும் காலடி வைக்காதவருக்கு இதைத் தலையில் கட்டினால், அது பணத்துக்காகத்தான்.

அப்புறம் டெமோ கிளாஸ். டெமோவுக்கு வருகிறவர் அந்த மையத்திலேயே நன்றாகப் பேசத் தெரிந்தவர். உங்கள் பேட்சுக்கு அவரே வருவார் என்று யார் சொன்னது? ஏற்கெனவே பாதி ஓடிவிட்ட ஒரு பேட்சில் ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். மாணவர்கள் தட்டச்சு செய்கிறார்களா, பயிற்சியாளரின் திரையை வேடிக்கை பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். லினக்ஸ் வேலைக்கான ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் செய்து காட்ட வேண்டும். வேடிக்கை பார்த்துப் படித்தவர் அங்கே என்ன செய்வார்?

"பாஸ் கேரண்டி" என்று ஒருவர் சொன்னால் எனக்கு முதலில் டம்ப்ஸ் ஞாபகம்தான் வரும், அதாவது திருடி விற்கிற தேர்வுக் கேள்விகள். பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்துவிடுவார்கள். பிடிபடாவிட்டாலும் நேர்காணல் இருக்கிறதே. "/26 நெட்வொர்க்கில் எத்தனை ஹோஸ்ட் வைக்கலாம்?" என்பது, அதாவது அந்த அளவு நெட்வொர்க்கில் எத்தனை கருவிகளை இணைக்கலாம் என்பது, சாதாரணக் கேள்வி. கணக்குப் போட்டுப் பழகியவர் 62 என்று உடனே சொல்வார். சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே விழிப்பது, சான்றிதழே இல்லாமல் போவதைவிட மோசம்.

ஆனால் இவை எல்லாம் பணத்தோடும் மானத்தோடும் போகிற தவறுகள். வாழ்க்கையைப் பிடித்து இழுப்பது ஒன்று இருக்கிறது: "மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்." கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் சொல்வார்கள். ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு எல்லாம் தயாராகக் கிடைக்கும். வேலை கிடைத்த பிறகு நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்புக்கு அனுப்பும். உங்கள் பிஎஃப் கணக்குகளுக்கான பொது எண்ணான யுஏஎன்னைப் போட்டால், எந்த மாதம் யார் உங்களுக்கு பிஎஃப் கட்டினார்கள் என்று வரிசையாக வரும். ஐடி கம்பெனியில் இருந்ததாகச் சொன்ன அதே மாதங்களில் தொழிற்சாலை பிஎஃப் கட்டியிருக்கும். வேலை போவதோடு நிற்காது, உண்மையாக உழைத்த பத்து வருடத்தையும் அதன் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள். இப்படிப் பேசுகிற இடத்தில் பாடம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் எழுந்து வந்துவிடுவதே நல்லது.

"100% பிளேஸ்மென்ட்" பலகையும் ஏறக்குறைய இதே ரகம். வேலை உத்தரவாதம் என்று கோச்சிங் மையங்கள் விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. விண்ணப்பத் தாளைப் புரட்டினால் அங்கே பெரும்பாலும் "பிளேஸ்மென்ட் உதவி" என்றுதான் சின்ன எழுத்தில் இருக்கும். உதவி என்றால் நேர்காணல் நடக்கும் இடத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் உதவிதான்.

இஎம்ஐ என்றதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மையத்துக்கே தவணை கட்டுவது வேறு. நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் கொடுத்து மொத்தத் தொகையையும் மையத்துக்கு அனுப்புவது வேறு. இரண்டாவதில் நீங்கள் வகுப்பை நிறுத்தினாலும், ஏன், மையமே பூட்டிக்கொண்டு போனாலும் இஎம்ஐ நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் விழும். டிஜிட்டல் கடன் என்றால், எடுத்த பிறகு குறைந்தது ஒரு நாளாவது அபராதமின்றி அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி வெளியேற ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. ரீஃபண்ட் பற்றி வாயால் சொன்னதை ஒரு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

எங்கும் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் இலவசமாகப் படித்துப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் லேர்ன், ஏடபிள்யூஎஸ் ஸ்கில் பில்டர், என்பிடெல் என்று இடங்கள் இருக்கின்றன. வேலை முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா என்பது இதில் தெரிந்துவிடும். முடியாதவர்களை 85,000 ரூபாய் உட்கார வைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நண்பன் அன்று எதிலும் சேரவில்லை. இப்போது டெஸ்டிங்கில் ஐஎஸ்டிகியூபி அடிப்படைத் தேர்வுக்குப் படிக்கிறான். 40 கேள்வி, ஒரு மணி நேரம், 26 சரியாக இருந்தால் பாஸ். பயிற்சி மையத்துக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாடத்திட்டத்தை இலவசமாக இறக்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படிக்கிறான். கவுன்சலரிடமிருந்து வாட்ஸ்அப் இன்னும் வருகிறதாம். அதே ரெண்டு சீட்.