ஃபிக்ஸ் போடலாமா, வேரியபிள்லயே விடலாமா? யூகேல கரண்ட், கேஸ் சப்ளையர் மாத்துறவங்களுக்கு

சப்ளையர் மாத்தப் போறேன், ஃபிக்ஸ் (குறிச்ச காலம் வரைக்கும் ரேட் மாறாது) எடுக்கவா வேரியபிள்ல (ரேட் அப்பப்ப மாறும்) விடவான்னு கேக்குறவங்ககிட்ட வருஷத்துக்கு எத்தனை யூனிட் ஓடுதுன்னு திருப்பிக் கேட்டா முக்கால்வாசி பேருக்குத் தெரியாது, மாசம் எவ்ளோ டைரக்ட் டெபிட் போகுதுன்னு மட்டும் கரெக்டா சொல்வாங்க. அந்த டைரக்ட் டெபிட் தொகைய முதல்ல மறந்துடுங்க. அது சப்ளையர் குத்துமதிப்பா போட்ட தவணை, விலை கிடையாது. "இப்ப 140 கட்டுறீங்க, எங்ககிட்ட வந்தா 118"னு ஒருத்தர் போன்ல சொன்னா அது நிஜமாவே சீப்பா இல்ல யூனிட்டை கம்மியா எஸ்டிமேட் பண்ணிருக்காங்களான்னு கண்டுபிடிக்கவே முடியாது, பனிக்காலம் முடிஞ்சதும் அக்கவுண்ட் கடன்ல போயி நிக்கும்போதுதான் தெரியும்.

பில்லுலயோ ஆப்லயோ கடந்த 12 மாசத்துல கரண்ட் எத்தனை யூனிட், கேஸ் எத்தனை யூனிட்னு (kWhனு இருக்கும்) போட்டிருப்பாங்க, அதை எடுங்க. அதே பில்லுல இன்னும் நாலு நம்பர் வேணும்: கரண்ட் யூனிட் ரேட், கரண்ட் ஸ்டாண்டிங் சார்ஜ் (எரிச்சாலும் எரிக்காட்டியும் நாளுக்கு இவ்ளோன்னு வாங்குறது), கேஸுக்கும் அதே ரெண்டு. வீட்டுக்கு வந்து வருஷம் ஆகலன்னா அங்க இருக்குற எஸ்டிமேட் முன்னாடி குடியிருந்தவங்களோடதா இருக்கலாம், அவங்க நாள் பூரா ஹீட்டிங் போட்டிருந்தா உங்க கணக்கும் ஊதித்தான் காட்டும், அதனால மீட்டரை நீங்களே ரெண்டு மூணு மாசம் குறிச்சு வச்சுட்டு பாருங்க. கேஸ் மீட்டர் கன மீட்டர்ல ஓடுச்சுன்னா ஒரு கன மீட்டர் சுமாரா 11 யூனிட்.

இப்ப வேரியபிள். எதுவும் செலக்ட் பண்ணாம இருந்தாலும், ஃபிக்ஸ் முடிஞ்சு சும்மா விட்டாலும், புது வீட்டுக்குக் குடி போனாலும் நீங்க நிக்கிறது ஸ்டாண்டர்ட் வேரியபிள்லதான். இதுக்கு மேல ஆஃப்ஜெம் (கரண்ட், கேஸ் சப்ளையர்களைக் கட்டுப்படுத்துற அமைப்பு) ஒரு ப்ரைஸ் கேப், அதாவது விலை உச்சவரம்பு, வச்சிருக்கு, 2019 ஜனவரில ஆரம்பிச்சது, இப்ப மூணு மாசத்துக்கு ஒருக்கா மாறும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு புது ரேட் வரும், ஒரு மாசம் முன்னாடியே அறிவிச்சுடுவாங்க. இது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு மட்டும்தான், வட அயர்லாந்துல கதையே வேற.

நியூஸ்ல, 2025 அக்டோபர்ல வந்த மாதிரி, "கேப் 1,755 பவுண்ட்"னு வரும்போது நம்ம ஆளுங்க நிறைய பேர் அதுக்கு மேல பில் வராதுன்னு நெனச்சுக்குறாங்க. கேப் கட்டுப்படுத்துறது யூனிட் ரேட்டையும் ஸ்டாண்டிங் சார்ஜையும் மட்டும்தான், மொத்த பில்லை இல்ல. வருஷம் 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் கேஸும் எரிக்கிற ஒரு சராசரி வீடு டைரக்ட் டெபிட்ல கட்டினா எவ்ளோ ஆகும்னு போட்ட கணக்குதான் அந்த நம்பர். நீங்க ரெண்டு மடங்கு எரிச்சா ரெண்டு மடங்கு கிட்டத்தட்ட கட்டணும். ஏரியாவுக்கு ஏத்த மாதிரியும் ரேட் மாறும், அதனால மான்செஸ்டர்ல இருக்குற ஃப்ரெண்டோட ரேட்டை வச்சு லண்டன்ல முடிவு எடுக்காதீங்க.

விலை எப்படி ஆடுச்சுன்னு பாருங்க. 2021 அக்டோபர்ல கேப் 1,277, அடுத்த ஏப்ரல்ல 1,971, 2022 அக்டோபர்ல 3,549. அப்ப அரசாங்கம் நடுவுல வந்து சராசரி வீட்டுக்கு 2,500ல நிறுத்தி வச்சுது. அப்புறம் இறங்கி 2024 ஜூலைல 1,568, அக்டோபர்ல 1,717, 2025 ஜனவரில 1,738, ஏப்ரல்ல 1,849, ஜூலைல 1,720, அக்டோபர்ல 1,755. அந்த 1,568 இருந்த நேரத்துல அதை ஒட்டி ஒரு வருஷ ஃபிக்ஸ் போட்டவங்களுக்கு அடுத்த மூணு குவார்ட்டரும் லாபம். ஆனா அந்த ஜூலைல "இன்னும் இறங்கும், வெயிட் பண்ணு"ன்னு சொன்னவங்க எத்தனை பேர்! வாட்ஸாப் க்ரூப்ல அடிச்சு சொல்றவங்கள விட கார்ன்வால் இன்சைட்னு எனர்ஜி மார்க்கெட்டை ஆராயுற கம்பெனி அடுத்த கேப்புக்குப் போடுற கணிப்பைப் பாக்கலாம். ஒரு குவார்ட்டர் தள்ளி ஓரளவு கிட்டத்துல வரும், ஒரு வருஷம் தள்ளிங்கறது அவங்களுக்கும் குத்துமதிப்புதான்.

ஃபிக்ஸ் ஏன் சில நேரம் கேப்பை விட சீப்பா கிடைக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும். ஃபிக்ஸ் ரேட்டை இன்னைக்கு ஹோல்சேல் மார்க்கெட்ல (சப்ளையருங்க மொத்தமா வாங்குற இடம்) அடுத்த ஒரு வருஷத்துக்கு என்ன விலை ஓடுதோ அதை வச்சுப் போடுறாங்க. கேப்போ கடந்த சில மாச ஹோல்சேல் விலையோட சராசரில இருந்து வருது, அதனால எப்பவும் பின்னாடிதான் வரும். ஹோல்சேல் இறங்கினா முதல்ல ஃபிக்ஸ் இறங்கும், அப்புறமா கேப் இறங்கும். ஆக இன்னைக்கு ஃபிக்ஸ் நூறு பவுண்ட் கம்மியா தெரிஞ்சா அந்த நூறும் உங்க லாபம்னு எடுத்துக்காதீங்க, வேரியபிள்ல இருந்தாலே அதுல ஒரு பங்கு தானா வந்து சேரலாம். ஏறும்போது இது அப்படியே தலைகீழ். கேப் இன்னும் பழைய விலையிலயே இருக்கும், நல்ல ஃபிக்ஸெல்லாம் ஒண்ணொண்ணா காணாம போகும்.

சரி கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்குத்தான், உங்க பில்லுல இருக்குற ரேட்டைப் போட்டுக்குங்க. வேரியபிள்ல கரண்ட் யூனிட் 26 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 54 பென்ஸ், கேஸ் யூனிட் 6.3, ஸ்டாண்டிங் 34னு வச்சுக்குவோம். ஃபிக்ஸ்ல கரண்ட் 24, ஸ்டாண்டிங் 60, கேஸ் 5.8, ஸ்டாண்டிங் 36. ஒரு குடும்ப வீடு, வருஷம் 2,900 யூனிட் கரண்ட், 10,000 யூனிட் கேஸ். வேரியபிள்ல 754 + 197.10 + 630 + 124.10, மொத்தம் 1,705.20 பவுண்ட். ஃபிக்ஸ்ல 696 + 219 + 580 + 131.40, மொத்தம் 1,626.40. கிட்டத்தட்ட 79 பவுண்ட் வித்தியாசம். அதாவது வருஷம் முழுக்க வேரியபிள் பில் சராசரியா 4.6 சதவீதத்துக்கு மேல இறங்கினாத்தான் ஃபிக்ஸ் நஷ்டம். இறங்கவே இறங்காதுன்னு சொல்ல முடியாது, ஆனா ஏறினா எவ்ளோ ஏறும்னு 2022ல பாத்தாச்சு.

இதே ரேட்டை தனியா ஒரு சின்ன ஃப்ளாட்ல இருக்குறவருக்குப் போடுங்க, 1,200 யூனிட் கரண்ட், 3,000 யூனிட் கேஸ். வேரியபிள் 822.20, ஃபிக்ஸ் 812.40. வருஷத்துக்கு பத்து பவுண்ட் கூட மிச்சம் இல்ல! ஃபிக்ஸோட ஸ்டாண்டிங் சார்ஜ் கூட இருக்கறதால யூனிட்ல மிச்சம் ஆனதை அதுவே சாப்பிட்டுருச்சு. கம்மியா எரிக்கிறவங்க முதல்ல ஸ்டாண்டிங் சார்ஜைப் பாருங்க, விளம்பரத்துல பெருசா போட்டிருக்குற யூனிட் ரேட்டை அப்புறம் பாக்கலாம்.

இன்னொண்ணு, எல்லா மாசமும் ஒரே மாசம் இல்ல. ஹீட்டிங் கேஸ்ல ஓடுற வீட்டுல கேஸ்ல பெரும்பங்கு அக்டோபர்ல இருந்து மார்ச்சுக்குள்ளயே எரிஞ்சிடும். ஜூலைல கேப் பத்து சதவீதம் இறங்கினா உங்க பில்லுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது, ஜனவரில அஞ்சு சதவீதம் ஏறினா வலிக்கும். அதனால ஃபிக்ஸை கேப்போட ஒப்பிடும்போது இன்னைக்கு இருக்குற கேப்பை விட வரப்போற ரெண்டு பனிக்கால குவார்ட்டருக்கு என்ன சொல்றாங்கன்னு பாருங்க. வெயில் காலம் முடியற நேரத்துல ஃபிக்ஸ் போடுறது இதனாலதான் கொஞ்சம் அர்த்தமுள்ள விஷயம்.

அடுத்து எக்ஸிட் ஃபீ, அதாவது ஃபிக்ஸ் முடியறதுக்கு முன்னாடி கிளம்பினா கட்டுற காசு, இதைப் படிக்காமலே எல்லாரும் டிக் பண்றாங்க. கரண்டுக்கு தனி கேஸுக்கு தனின்னு போடுவாங்க, "50 பவுண்ட்"னு இருந்தா ரெண்டுக்கும் சேத்து நூறு. மேல சொன்ன சின்ன ஃப்ளாட்காரர் பத்து பவுண்டுக்காக நூறு பவுண்ட் பூட்டுல மாட்டிக்கிறது எதுக்கு? எக்ஸிட் ஃபீ இல்லாத ஃபிக்ஸ் கிடைச்சா, கொஞ்சம் விலை கூட இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன், ஏறினா உள்ள இருக்கலாம், இறங்கினா கிளம்பிடலாம். சைன் பண்ணி 14 நாளுக்குள்ள மனசு மாறினா ஃபீ இல்லாம கேன்சல் பண்ணலாம். காண்ட்ராக்ட் முடிய கடைசி 49 நாள்லயும் ஃபீ வாங்கக் கூடாது, அந்த தேதியை சைன் பண்ற அன்னைக்கே போன் கேலண்டர்ல போட்டு வைங்க.

யாருக்கு எது? மாசம் நூறு பவுண்ட் திடீர்னு கூடினா சமாளிக்க முடியாத வீட்டுக்கு ஃபிக்ஸ், வருஷக் கடைசில இருபது முப்பது பவுண்ட் நஷ்டமானாலும் பரவால்ல, அதை இன்சூரன்ஸ் காசா நெனச்சுக்கலாம். ஆறு மாசத்துல வீடு மாறப் போறீங்கன்னா வேரியபிள், இல்லன்னா எக்ஸிட் ஃபீ இல்லாத ஃபிக்ஸ். எலக்ட்ரிக் கார் வாங்கற ஐடியா இருந்தா ரெண்டு வருஷ ஃபிக்ஸ்ல போய் உக்காராதீங்க, ராத்திரி சார்ஜிங்குக்கு தனி டாரிஃப்பே இருக்கு. ஆக்டோபஸ்ங்கற சப்ளையரோட அஜைல் டாரிஃப் மாதிரி அரை மணி நேரத்துக்கு ஒருக்கா விலை மாறுறது ஸ்மார்ட் மீட்டர் வச்சிருக்கறவங்களுக்கு, காத்து பலமா அடிக்கிற ராத்திரில விலை பூஜ்யத்துக்குக் கீழ கூட போகும், ஆனா சாயங்காலம் நாலுல இருந்து ஏழு வரைக்கும் எகிறும். அந்த நேரத்துலதான் சமையல், துணி, பிள்ளைங்க குளியல் எல்லாம்னா உங்களுக்கு அது ஒத்து வராது.

வாடகை வீடுதான்னு தயங்க வேணாம், பில் உங்க பேர்ல நேரா நீங்க கட்டுறீங்கன்னா சப்ளையர் மாத்துற உரிமை உங்களுக்கு உண்டு. 28 நாளுக்கு மேல பழைய பாக்கி இருந்தா பழைய சப்ளையர் மாத்த விடாம நிறுத்தலாம். ப்ரீபேமென்ட் மீட்டர்காரங்களுக்கு ஒரு ஃப்யூலுக்கு 500 பவுண்ட் வரைக்கும் பாக்கி இருந்தாலும் அந்தக் கடனோடயே மாற வழி இருக்கு. வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் (வருமானம் கம்மியான வீடுகளுக்கு பில்லுல கழிச்சுத் தர்ற சலுகை) 150 பவுண்ட் வாங்குற வீடுன்னா புது சப்ளையர் அந்த ஸ்கீம்ல இருக்காங்களான்னு முன்னாடியே கேட்டுக்குங்க.

சீப்பான ஃபிக்ஸ்னு பேரே கேள்விப்படாத சப்ளையர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். 2021ல ஹோல்சேல் ஏறினப்ப 20க்கும் மேல கம்பெனிங்க வரிசையா மூடிட்டுப் போனாங்க. கரண்ட் கட் ஆகல, அக்கவுண்ட்ல இருந்த க்ரெடிட்டும் போகல, ஆஃப்ஜெம் வேற சப்ளையருக்கு மாத்தி விட்டுச்சு. ஆனா அவங்க போட்டு வச்சிருந்த ஃபிக்ஸ் ரேட் போயிடுச்சு. இலவசமா ஆலோசனை சொல்ற சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்போட சைட்ல சப்ளையருக்கெல்லாம் சர்வீஸ் ரேட்டிங் போட்டிருக்காங்க, அஞ்சு நிமிஷம் பாத்துடுங்க.

முடிவு பண்ணியாச்சுன்னா மாத்துறது சப்ப மேட்டர். பழைய சப்ளையர்கிட்ட சொல்லத் தேவையில்ல, புது சப்ளையரே பாத்துக்குவாங்க, பொதுவா அஞ்சு வேலை நாள். யாரும் வீட்டுக்கு வந்து ஒயரையோ பைப்பையோ தொட மாட்டாங்க. மாறுற அன்னைக்கு ஸ்மார்ட் மீட்டரா இருந்தாலும் ரெண்டு மீட்டரையும் நம்பர் தெளிவா தெரியற மாதிரி போட்டோ எடுங்க. பழைய டைரக்ட் டெபிட்டை அவசரப்பட்டு கேன்சல் பண்ணாதீங்க, ஃபைனல் பில் ஆறு வாரத்துக்குள்ள வரணும். அதுல இருக்குற ரீடிங்கும் உங்க போட்டோவும் ஒத்துப் போகுதான்னு பாருங்க, புது சப்ளையரோட முதல் பில்லும் அதே நம்பர்லதான் ஆரம்பிக்கணும். க்ரெடிட் மிச்சம் இருந்தா ஃபைனல் பில் வந்து பத்து வேலை நாளுக்குள்ள திரும்பி வரணும், வரலன்னா போன் பண்ணி நஷ்ட ஈடும் சேத்துக் கேளுங்க.