ஓஎஸ் மாற்றுவதற்கு முந்தின நாள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததில் இருந்து, வண்ணார்பேட்டையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "தம்பி, நம்ம சிஸ்டத்தையும் மாத்திக் குடு" என்கிறார்கள். ஓஎஸ், அதாவது கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருளை, மாற்றுவது பெரிய வேலை இல்லை, அதற்கு முந்தின வேலைக்குத்தான் ஒரு நாள் வேண்டும்.

முதலில் பேக்கப். டி டிரைவில் போட்டிருக்கிறேன், பத்திரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பங்குகள்தான், இன்ஸ்டால் செய்யும்போது தவறான வரியில் டெலீட் கொடுத்தால் அதுவும் போச்சு. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுங்கள், அப்புறம் அதை வேறு கம்ப்யூட்டரில் செருகி நாலு ஃபைலையாவது திறந்து பாருங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாலி டேட்டா, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எதையும் விடக்கூடாது.

நான் விட்டது ஃபான்ட். பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அண்ணாச்சி ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தேன், ஃபைல் எல்லாம் பத்திரமாக வந்தது. திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. "என்னடே இது, மாப்பிள்ளை பேரு எங்கடே?" என்றார். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த ஃபைல் அந்த ஃபான்ட் இல்லாமல் வாசிக்க வராது. அதனால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் தனியாக காப்பி எடுங்கள்.

லேப்டாப் என்றால் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற விண்டோஸ் வசதி, ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 48 இலக்க ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால் பூட்டுக்குள்ளேயே சாவியைப் போட்ட கதைதான்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும், பிராசஸரும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருக்க வேண்டும். பழைய மெஷினா? லினக்ஸ் மின்ட் என்கிற இலவச ஓஎஸ் போடுங்கள், ஆனால் இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலேயே ஓட்டி வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கிறதா பார்த்துவிட்டு. 8 ஜிபி பென்டிரைவ் போதும். ரூஃபஸ் என்கிற மென்பொருளால் ஓஎஸ்ஸைப் பென்டிரைவில் எழுதும்போது அதில் இருக்கிற பிள்ளைகள் போட்டோ எல்லாம் அழிந்துவிடும், முதலில் அதை எடுத்துவிடுங்கள். பென்டிரைவில் இருந்து தொடங்க, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பூட் மெனுவுக்கு டெல்லில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9.

அப்புறம் கரண்ட். லேப்டாப்பில் சார்ஜர் சொருகியே இருக்கட்டும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பா, ஐப்பசி மழை, சாயங்காலம் இடி வேறு இடிக்கிறதா, சரி, காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.