கம்யூனிட்டி காலேஜில் தமிழும் தெற்காசியாவும்: எங்கே சறுக்குகிறோம்?

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள், அதாவது இரண்டு ஆண்டுக் கல்லூரிகள், இருக்கின்றன. ஃப்ரீமாண்ட், கூப்பர்டினோ பக்கம் நம்மவர்கள் கூடினால், 'இத்தனை பேர் இருக்கிறோம், இங்கே ஏன் தமிழ் வகுப்பு இல்லை?' என்ற பேச்சு வந்துவிடும். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கப்புறம் எல்லோரும் சேர்ந்து தட்டும் கதவு பெரும்பாலும் தவறானது.

எடுத்த எடுப்பிலேயே 'தமிழ் 1' என்று ஒரு வகுப்பைக் கேட்பதுதான் அந்தத் தவறு. இரண்டு ஆண்டு படித்துவிட்டு, மாநில அரசின் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) அல்லது கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட்) பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்பர் ஆகிற மாணவர் ஒவ்வொரு யூனிட்டையும் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) எண்ணித்தான் எடுப்பார். அவருடைய டிரான்ஸ்பர் கணக்கில் உதவாத வகுப்பில் கூட்டம் சேராது. சேரவில்லையா, செமஸ்டர் தொடங்கும் முன்பே ரத்து. முன்பு யூசிக்குப் போகிறவர்களுக்கான பொதுக்கல்விப் பட்டியலில், அதாவது டிரான்ஸ்பருக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்களின் பட்டியலில், ஆங்கிலம் அல்லாத மொழிக்கென்று தனி இடம் இருந்தது. 2025 இலையுதிர்ப் பருவத்தில் வந்த கால்-ஜெட்சி என்ற புதிய பட்டியலில் அந்த இடம் இல்லை. இது தெரியாமல் பழைய வாதத்தையே எடுத்துக்கொண்டு கல்லூரித் தலைவரைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதே பட்டியலில் எத்னிக் ஸ்டடீஸுக்கு, அதாவது அமெரிக்காவின் இனக்குழுக்களைப் பற்றிய படிப்புக்கு, இடம் இருக்கிறது. உடனே 'இந்திய நாகரிக வரலாறு' என்று ஒரு பாடத்தை அங்கே நுழைக்கப் பார்ப்பது அடுத்த சறுக்கல். 2020-இல் கால் ஸ்டேட்டுக்காக இயற்றப்பட்ட சட்டம் நான்கு பிரிவுகளைத்தான் சொல்கிறது: அமெரிக்கப் பூர்வகுடிகள், ஆப்பிரிக்க அமெரிக்கர், ஆசிய அமெரிக்கர், லத்தீனோ மக்கள். ஆக, ஹரப்பா அங்கே செல்லாது, கலிஃபோர்னியாவிலேயே இருக்கும் ஸ்டாக்டன் நகரம் செல்லும்.

உண்மையில் ஸ்டாக்டன் கதையே ஒரு செமஸ்டருக்குத் தாங்கும். பஞ்சாபிலிருந்து வந்த விவசாயிகள் 1912-இல் அங்கே குருத்வாரா அமைத்தார்கள். மறு ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து, இந்திய விடுதலைக்குக் குரல் கொடுத்த கதர் (Ghadar) பத்திரிகை வெளிவந்தது. ஊரிலிருந்து குடும்பத்தை அழைத்துவர வழியில்லாமல் பலர் மெக்சிகப் பெண்களை மணந்தார்கள். பஞ்சாபி-மெக்சிகக் குடும்பங்கள் என்றே ஒரு தலைமுறை உருவானது. 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்லர், எனவே குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கதவு 1946-இல்தான் திறந்தது. பத்தே ஆண்டில், 1956-இல், இம்பீரியல் பள்ளத்தாக்கு உள்ளிட்ட தொகுதியிலிருந்து தலிப் சிங் சௌந்த் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மெக்சிக, ஃபிலிப்பினோ மாணவருக்கும் இது தன் ஊர்க் கதை. 'தெற்காசியப் பாடத்தை நம் பிள்ளைகள் மட்டும்தான் எடுப்பார்கள்' என்று நாமே ஏன் முடிவு கட்ட வேண்டும்?

பாடத்தை யார் எழுதுவது என்பதில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. கலிஃபோர்னியாவின் ஆறாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல்களை ஒட்டி 2005-06-இல் ஒரு சண்டை நடந்தது. சாதியை எப்படிச் சொல்வது, ஆரியர் வருகையை எப்படிச் சொல்வது என்று அமைப்புகள் மாநிலக் கல்வி வாரியத்தின் முன் மோதிக்கொண்டன. 2016-இல் மறுபடியும் மோதல், இம்முறை 'இந்தியா'வா 'தெற்காசியா'வா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. நன்கொடை கொடுக்கிறோம் என்பதற்காகச் சங்கங்கள் பாடத்திட்டத்தில் கைவைத்தால் இதே சண்டை கல்லூரிக்குள்ளும் வரும். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 'உலகின் மூத்த மொழி' ஸ்லைடை நாம் ஆசையாகக் கொண்டுபோவோம். சாதியைப் பற்றிய வாரம் வந்தால் தொண்டையைக் கனைப்போம். நேபாளமும் மாலத்தீவும் யார் நினைவுக்கும் வராது. இலங்கை வந்தாலும் போர் மட்டும் வரும், மலையகத் தமிழர் வரமாட்டார்கள்.

சரி, எல்லாம் தாண்டி மொழி வகுப்பே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற 44 வாரம், ஏறக்குறைய 1,100 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் கணக்கு. ஐந்து யூனிட் வகுப்பு ஒரு செமஸ்டருக்குத் தருவது சுமார் 90 மணி. இதில் 'சரளமாகப் பேசலாம்' என்று விளம்பரம் செய்தால் பாதிப் பேர் நடுவில் விலகுவார்கள். வீட்டில் தமிழ் பேசி, படிக்கத் தெரியாத பிள்ளையையும், 'வணக்கம்' கூடத் தெரியாதவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பதும் இரண்டு பக்கமும் கெடுதல். முன்னவருக்கு எழுத்து தேவை, பின்னவருக்குப் பேச்சு தேவை. இருவருக்கும் 247 எழுத்துகளிலிருந்து தொடங்குவதுதான் நம் வழக்கம்!

வார இறுதிப் பள்ளி ஆசிரியர் அப்படியே கல்லூரிக்கு வந்துவிட முடியாது. கிரெடிட் வகுப்புக்கு, அதாவது பட்டக் கணக்கில் சேரும் வகுப்புக்கு, பொதுவாக முதுகலைப் பட்டம் கேட்பார்கள், இல்லையென்றால் அதற்கு ஈடான தகுதியைக் காட்ட வேண்டும். பார்ட் டைம் ஆசிரியர் ஒருவரையே நம்பி ஆரம்பித்தால், அவர் போன அன்றே வகுப்பும் போய்விடும். கிராண்ட் பணத்தில் ஓடும் வகுப்புக்கும் அதே கதிதான்.

ஆகவே முதலில், ஏற்கெனவே கூட்டம் வரும் உலக வரலாறு, புவியியல், சினிமா வகுப்புகளில் இரண்டு மூன்று வாரத்துக்கு இடம் கேளுங்கள். முழுநேரப் பேராசிரியர் ஒருவர் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளட்டும். மொழியை ஆழமாகப் படிக்க விரும்பும் மாணவருக்கு பெர்க்லியில் தமிழ் இருக்கிறது, மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ் வகுப்பும் இருக்கிறது. தனிப் பாடமே வேண்டுமென்றால், டிரான்ஸ்பர் ஒப்பந்தங்களைக் கவனிக்கும் ஆர்ட்டிகுலேஷன் அலுவலரை முதலில் பாருங்கள், கல்லூரித் தலைவரைப் பிறகு பார்க்கலாம். பாடத்திட்டக் குழுவைத் தாண்டவே மாதங்கள் ஆகும்.