ஈரத்துணி சுற்றினால் தண்ணீர் ஜில்லென்று இருக்கும்

கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் அக்கா பிள்ளைகளை விளையாட விடும்போது, ஸ்டீல் தண்ணீர் பாட்டிலில் ஈரமான பழைய காட்டன் துண்டைச் சுற்றி, காற்று வரும் மர நிழலில் வையுங்கள். கல்லா மண்ணா ஆடி, முகம் சிவந்து ஓடி வரும் பிள்ளைகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் தயாராக இருக்கும். ஆளுக்கொரு கூல்டிரிங்ஸ் வாங்கும் செலவும் மிச்சம்.

துணியின் ஈரம் ஆவியாகும்போது பாட்டிலின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். நம் பக்கம் கோடையில் காற்று வறண்டிருப்பதால் ஈரம் சீக்கிரம் காயும், அதனால் நன்றாகவே குளிரும். துணி காயக் காய மறுபடி நனைக்க வேண்டும். அந்த வேலையைக் கடைக்குட்டியிடம் கொடுங்கள், ஆசையாகச் செய்யும். பிளாஸ்டிக் பாட்டிலும் சரிதான், ஆனால் ஸ்டீலில்தான் சூடு சட்டென்று இறங்கும்.

மழைக்காலப் புழுக்கத்தில் இது எடுபடாது. ஒகேனக்கல்லில் அருவிச் சாரல் படும் இடத்திலும் அப்படித்தான், காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். அப்புறம், இரட்டைச் சுவர் பிளாஸ்க்குக்குத் துணி சுற்றிப் பயனில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அது வெளியே விடாது.