அறிவியல் குறியீட்டில் வகுத்தல்: பிழை நுழையும் இடங்கள்

அறிவியல் குறியீட்டில், அதாவது 8 × 10⁶ போன்ற வடிவில் உள்ள இரு எண்களை வகுக்க இரண்டே வேலைகள்தான்: கெழுக்களை (10-க்கு முன்னால் பெருக்கும் எண்களை) வகுக்க வேண்டும், 10-இன் அடுக்குகளைக் கழிக்க வேண்டும். அடுக்குகளையும் சேர்த்து வகுத்துவிடுவது தொடக்கத்தில் பலரும் செய்யும் தவறு. 10⁸ ÷ 10² என்பது 10⁶, 10⁴ அல்ல.

இதைவிட அதிகம் தடுமாற வைப்பது குறை அடுக்கு. புரோட்டானின் நிறை 1.67 × 10⁻²⁷ கிலோகிராம், எலக்ட்ரானின் நிறை 9.11 × 10⁻³¹ கிலோகிராம். புரோட்டான் எத்தனை மடங்கு கனமானது? அடுக்கை −27 − (−31) என்று அடைப்புக்குறியோடு எழுதினால் 4 கிடைக்கும். அடைப்புக்குறியை விட்டு −27 − 31 என்று எழுதினால் −58. கனமானதை லேசானதால் வகுக்கிறோம், விடை 1-ஐ விடப் பெரிதாகவே இருக்க வேண்டும் என்று முதலிலேயே யோசித்திருந்தால், 10⁻⁵⁸ கண்ணில் பட்டதுமே பிழை தெரிந்துவிடும்.

இனி கெழு. 1.67 ÷ 9.11 = 0.183; ஆகவே விடை 0.183 × 10⁴. மதிப்பு சரிதான், வடிவம் சரியில்லை. கெழு 1-க்குக் குறையக் கூடாது, 10-ஐத் தொடவும் கூடாது. 0.183-ஐ 1.83 ஆக்கும்போது கெழு 10 மடங்கு கூடுகிறது. அதை ஈடுகட்ட அடுக்கு ஒன்று குறைய வேண்டும். எனவே 1.83 × 10³. அவசரத்தில் 10⁵ என்று எழுதினால் விடை 100 மடங்கு பெருத்துவிடும். புள்ளி இடமா வலமா என்று மனப்பாடம் செய்வதைவிட, கெழு கூடினால் அடுக்கு குறையும் என்று காரணத்தோடு பிடித்துக்கொள்வதே நல்லது.

இங்கே பயனுள்ள சோதனை ஒன்று உண்டு. இரு கெழுக்களும் சரியான வடிவில் இருந்தால், அவற்றை வகுத்து வரும் எண் எப்போதும் 0.1-க்கும் 10-க்கும் இடையில்தான் இருக்கும். ஆகவே புள்ளியை ஓரிடத்துக்கு மேல் நகர்த்த வேண்டியே வராது. வந்தால், முந்தைய படியில் ஏதோ தவறியிருக்கிறது.

கால்குலேட்டரில் 8 × 10⁶ ÷ 2 × 10³ என்று அப்படியே தட்டினால் 4 × 10⁹ என்று காட்டும். அது 2-ஆல் வகுத்துவிட்டு, 10³-ஆல் பெருக்கிவிடுகிறது. வகுக்கும் எண் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் இடுங்கள்: 8 × 10⁶ ÷ (2 × 10³) = 4 × 10³. 10-இன் அடுக்குக்கென உள்ள தனி விசையைப் பயன்படுத்தினால் அடைப்புக்குறி தேவையில்லை; ஆனால் அதற்கு முன் "× 10" தட்டக் கூடாது.

கெழு எழுதப்படாத 10⁷ என்பதன் கெழு 1. வெறும் 3 என்பது 3 × 10⁰. அடுக்குகள் சமமானால் மிஞ்சுவது 10⁰, அதாவது 1. அதை 0 என்று எடுத்து விடையையே அழித்துவிடாதீர்கள்.

அளவீடுகளை வகுக்கும்போது முக்கிய எண்ணுருக்களையும் (அளவீட்டில் நம்பத்தக்க இலக்கங்களையும்) கவனியுங்கள். 7.0 × 10⁹ ÷ (3.0 × 10⁴)-க்குத் திரையில் 233333.3333 தெரிந்தாலும், இரு கெழுக்களிலும் இரண்டு முக்கிய எண்ணுருக்களே இருப்பதால் எழுத வேண்டியது 2.3 × 10⁵.